தாழ்மை ஒரு தகுதி அல்ல

ஞாயிறு ஆராதனையில் சாட்சி நேரம் என்று ஒன்று உண்டு; கடவுள் தமக்குச் செய்ததை ஒவ்வொருவராக எழுந்து சொல்லும் நேரம். மைக்கைக் கையில் வாங்கியதும் பலர் சொல்லும் முதல் வாக்கியம் ஒன்றேதான்: "நான் ஒண்ணுமில்லாதவன், வெறும் தூசி." சொல்லி முடித்த கையோடு, தூசி எந்த ஏரியாவில் மனை வாங்கியது, தூசியின் மகனுக்கு எந்தக் காலேஜில் சீட் கிடைத்தது, தூசி ஜெபித்ததும் யாருடைய காய்ச்சல் விட்டது என்று பத்து நிமிடம் ஓடும். சின்ன வயதில் அம்மா பக்கத்தில் பாயில் உட்கார்ந்து இதைக் கேட்டுக் கேட்டு, தாழ்மை என்பது பெருமை பேசுவதற்கு முன்னால் போடுகிற பிள்ளையார் சுழி என்றே வெகுநாள் நினைத்திருந்தேன்.

கேலிக்காகச் சொல்லவில்லை. அந்த முதல் வாக்கியத்துக்குப் பின்னால் கிறிஸ்தவத்தின் ஆழமான நம்பிக்கை ஒன்று இருக்கிறது. கடவுள் ஒரு வேலைக்கு ஆள் எடுக்கும்போது, ஊரார் கணக்கில் வராத ஆளைத்தான் பெரும்பாலும் எடுக்கிறார் என்பது அது. திக்குவாயும் மந்த நாவும் உள்ளவன் என்று தன்னையே சொல்லிக்கொண்ட மோசே, ஆடு மேய்க்கப் போன தாவீது, மீன் பிடித்த பேதுரு என்று வேதாகமம் முழுக்க இதற்கு ஆள் இருக்கிறது. இதைக் கேட்டதும் நம் மனம் ஒரு சூத்திரம் போட்டுக்கொள்கிறது: தாழ்மையாக இருந்தால் கடவுள் நம்மைத் தெரிந்துகொள்வார் (வேதாகமத் தமிழில் இதற்குத் தேர்ந்தெடுப்பார் என்று பொருள்). வேதாகமம் சொல்கிற வரிசை இதற்கு நேர்த் தலைகீழ். இந்தத் தலைகீழ் பிடிபட்டுவிட்டால் மற்றது பெரும்பாலும் தானாகவே புரியும்.

முதலில் சொல்லைப் பார்த்துவிடலாம். தமிழ் வேதாகமத்தில் 'தாழ்மை', 'மனத்தாழ்மை' என்று வரும். கத்தோலிக்கர் 'தாழ்ச்சி' என்றும் சொல்வார்கள். புதிய ஏற்பாட்டின் மூல மொழியான கிரேக்கத்தில் 'தபெய்னோஸ்' என்பது வேர்ச்சொல். அடிமட்டத்தில் கிடப்பவன், குனிந்து பிழைப்பவன் என்பதுதான் அன்றைய பேச்சில் அதன் வாடை. கௌரவத்தை உயிராக மதித்த கிரேக்க ரோம உலகில் அதை நற்குணமாக எடுத்துக்கொள்வது வழக்கமில்லை. அந்தச் சொல்லைத் துடைத்து எடுத்து நற்குணங்களின் வரிசையில் வைத்ததில் ஆதிக் கிறிஸ்தவர்களுக்குப் பெரும் பங்கு உண்டு.

தமிழில் வேறொரு சிக்கல். ஒரே வேரிலிருந்து மூன்று சொற்கள் நம்மிடம் இருக்கின்றன. தாழ்மை என்பது ஒருவர் தாமாக எடுத்துக்கொள்வது. தாழ்வு மனப்பான்மை மனதில் விழுந்த காயம். தாழ்த்தப்படுதல் என்பது இன்னொருவன் நம்மீது செய்வது. இந்த மூன்றும் பிரசங்க மேடையில் அடிக்கடி ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. அதன் விளைவுக்குப் பிறகு வருகிறேன்.

கொரிந்து என்ற ஊர்

இந்த விஷயத்தை வேதாகமத்தில் வெளிப்படையாக விளக்கிச் சொல்கிற இடம், கிரேக்கத்தில் உள்ள கொரிந்து நகரத்துச் சபைக்கு, ஆதிச் சபைத் தலைவர்களில் ஒருவரான பவுல் எழுதிய முதல் நிருபம், அதாவது கடிதம். ஏறக்குறைய கி.பி. 55இல் எழுதப்பட்டது. அதைப் புரிந்துகொள்ள அந்த ஊரைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

கி.மு. 146இல் ரோமர்கள் கொரிந்துவைத் தரைமட்டமாக்கினார்கள். நூறு வருடம் கழித்து, கி.மு. 44இல், ஜூலியஸ் சீசர் அதில் மறுபடி ஆட்களைக் குடியேற்றினார். வந்தவர்களில் பலர் விடுதலை பெற்ற அடிமைகள். இரண்டு கடல்களுக்கு நடுவே ஒடுங்கிய நிலம், இரு பக்கமும் துறைமுகம், பணத்துக்குக் குறைவில்லை. பரம்பரைப் பெருமை பேச அதிகம் பேர் இல்லாத ஊரில், சம்பாதித்தவன் தன் பெயரைத் தானே நிலைநாட்ட வேண்டியிருந்தது. அங்கே பாபியுஸ் ஃபிலினுஸ் என்ற செல்வர் கட்டிய நினைவுச் சின்னத்தின் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. தன் சொந்தச் செலவில் இதைக் கட்டியதாகவும், நகர அதிகாரி என்ற முறையில் தானே இதற்கு ஒப்புதல் அளித்ததாகவும் அது சொல்கிறது. 1929இல் நாடக அரங்கின் பக்கத்தில் இன்னொரு கல்வெட்டு கிடைத்தது. எராஸ்தஸ் என்பவர் தமக்குக் கிடைத்த பதவிக்குக் கைம்மாறாகச் சொந்தச் செலவில் இந்தத் தளத்தைப் பாவினார் என்று அதில் இருக்கிறது.

நமக்கு இது புதிதா என்ன? டியூப் லைட்டில் 'உபயம்' என்று பெயர் எழுதிப் பாதி வெளிச்சத்தை மறைக்கிற ஊர் நம்முடையது. சர்ச்சிலும் ஃபேன் இறக்கையில் பெயர் உண்டு. ஃபேன் நின்றால்தான் படிக்க முடியும் என்பது ஒன்றுதான் ஆறுதல்.

பவுல் அந்த ஊரில் ஒன்றரை வருடம் தங்கிச் சபையை உண்டாக்கிவிட்டுப் போனார். அவர் போன பிறகு சபைக்குள் கோஷ்டி கிளம்பியது. நான் பவுலைச் சேர்ந்தவன், நான் அப்பொல்லோவைச் சேர்ந்தவன், நான் கேபாவை (பேதுருவின் இன்னொரு பெயர்) சேர்ந்தவன் என்று ஆளுக்கு ஒரு கொடி. அதைக் கேள்விப்பட்டு எழுதும்போதுதான் பவுல் அவர்களுடைய முகத்துக்கு நேரே ஒரு கண்ணாடியைப் பிடிக்கிறார்: "நீங்கள் அழைக்கப்பட்ட அழைப்பைப் பாருங்கள், மாம்சத்தின்படி ஞானிகள் அநேகரில்லை, வல்லவர்கள் அநேகரில்லை, பிரபுக்கள் அநேகரில்லை." மாம்சத்தின்படி என்றால் மனிதக் கணக்கில். அடுத்து, உலகத்தில் பைத்தியமானவைகளையும் பலவீனமானவைகளையும் தேவன் தெரிந்துகொண்டார் என்கிறார். அதோடு விடாமல், "இழிவானவைகளையும், அற்பமாய் எண்ணப்பட்டவைகளையும், இல்லாதவைகளையும்" என்று இறங்கிக்கொண்டே போகிறார். 'இல்லாதவை' என்ற கடைசிப் படியைக் கவனியுங்கள். இருந்தும் கணக்கில் வராதவர்கள், ஆள் இருக்கிற இடத்தில் ஆள் இல்லாதது போல் நடத்தப்பட்டவர்கள்.

'ஒருவருமில்லை' என்று பவுல் எழுதவில்லை, 'அநேகரில்லை' என்றுதான் எழுதினார். ஜெப ஆலயத் தலைவனாக இருந்த கிறிஸ்பு போன்ற வசதியானவர்களும் அந்தச் சபையில் உண்டு. ஆகவே, பணமும் படிப்பும் இருந்தால் கடவுள் ஒதுக்கிவிடுவார் என்பதல்ல பேச்சு. காரணம் என்னவென்று பவுலே சொல்கிறார்: "மாம்சமான எவனும் தேவனுக்கு முன்பாகப் பெருமைபாராட்டாதபடிக்கு." தெரிந்துகொள்ளப்பட்டவன் அதற்கான காரணத்தைத் தன்னிடத்தில் தேடினால் எதுவும் அகப்படக் கூடாது. அதற்காகத்தான் இப்படி ஒரு தேர்வு.

மூன்று அதிகாரம் தள்ளி அதே நிருபத்தில் ஒரு கேள்வி வருகிறது. கிறிஸ்தவத் தாழ்மைக்கு இதைவிடச் சுருக்கமான விளக்கத்தை நான் பார்த்ததில்லை: "உனக்கு உண்டாயிருக்கிறவைகளில் நீ பெற்றுக்கொள்ளாதது யாது?" என்னிடம் ஒன்றுமில்லை என்று சொல்வது தாழ்மை அல்ல. இருக்கிறது, ஆனால் எல்லாம் வாங்கியது என்று தெரிந்திருப்பது தாழ்மை. சாட்சி சொன்னவர் மனை வாங்கியதை மறைக்க வேண்டியதில்லை, தூசி வேஷமும் போட வேண்டியதில்லை.

ஆக வரிசை இது. முதலில் தேர்வு, அதற்குக் காரணம் தேர்ந்தவருடைய அன்பு மட்டும். அது உள்ளே இறங்கும்போது தாழ்மை பிறக்கிறது. பழைய ஏற்பாட்டிலும் இதே பேச்சுதான். சகல ஜனங்களிலும் திரட்சியான ஜனம் என்று உங்களைத் தெரிந்துகொள்ளவில்லை, நீங்கள் எல்லாரிலும் கொஞ்சமாக இருந்தீர்கள் என்று உபாகமம் 7ஆம் அதிகாரம் இஸ்ரவேலரிடம் சொல்கிறது. பிறகு ஏன் தெரிந்துகொண்டார்? உங்களில் அன்புகூர்ந்ததினால், அவ்வளவுதான். வட்டம் போட்ட மாதிரி இருக்கும் இந்தப் பதில் கேட்பவருக்குக் கொஞ்சம் எரிச்சல்கூடத் தரும். நமக்கு ஏதாவது ஒரு மார்க் ஷீட் வேண்டியிருக்கிறது. தாழ்மையையே அந்த மார்க் ஷீட்டாக ஆக்கிவிட்டால், நான்தான் இங்கே அதிகத் தாழ்மையுள்ளவன் என்கிற அபத்தத்தில் போய் நிற்போம்.

கிதியோன், ஆலைக்குப் பக்கத்தில்

இதற்குக் கதையாக எல்லோரும் தாவீதைத்தான் சொல்வார்கள். தீர்க்கதரிசி சாமுவேல் வீடு தேடி வந்திருக்கிறார், ஈசாய் ஏழு பிள்ளைகளை வரிசையாக நிறுத்துகிறார், எட்டாமவனைக் கூப்பிடவே தோன்றவில்லை. "மனுஷன் முகத்தைப் பார்ப்பான், கர்த்தரோ இருதயத்தைப் பார்க்கிறார்" என்ற புகழ்பெற்ற வசனம் அங்கேதான் வருகிறது. (ஐந்தே வசனம் தள்ளி, தாவீதுக்கு அழகிய கண்கள் என்று எழுதியவரே வர்ணிப்பது வேறு விஷயம்.) எனக்கு அதைவிடக் கிதியோன் கதை உதவியாக இருந்தது. அதில் பிற்பகுதியும் இருக்கிறது.

நியாயாதிபதிகள் 6ஆம் அதிகாரம். அறுவடையானதும் மீதியானியர் ஒட்டகங்களோடு வந்து விளைச்சலைச் சூறையாடிவிட்டுப் போகிற காலம். கிதியோன் ஆலைக்குச் சமீபமாய்க் கோதுமை போரடிக்கிறான். களம் தெரிந்தவர்களுக்கு இதில் உள்ள விபரீதம் புரியும். போரடிக்கவும் தூற்றவும் காற்று வேண்டும், அதற்குத்தான் மேட்டில் களம் போடுவது. இங்கே ஆலை என்பது திராட்சை மிதிக்கப் பாறையில் வெட்டிய தொட்டி. குழி. காற்று வராது, தூசி மேலெழும்பாது, தூரத்திலிருந்து யாருக்கும் தெரியாது. உமி மூக்கில் ஏற, வியர்வையோடு ஒளிந்து தானியம் அடித்துக்கொண்டிருப்பவனைப் பார்த்து தேவதூதன் சொல்கிறான்: "பராக்கிரமசாலியே, கர்த்தர் உன்னோடே இருக்கிறார்."

கிண்டல் போலத்தான் ஒலிக்கிறது. கிதியோனும் தயங்குகிறான். மனாசே கோத்திரத்தில் என் குடும்பம் மிகவும் எளியது, வீட்டில் நான் எல்லாரிலும் சிறியவன் என்கிறான். ஆனால் அதே அதிகாரத்தில் அவனுக்குப் பத்து வேலையாட்கள் இருக்கிறார்கள், அவன் அப்பா ஒரு பலிபீடத்துக்குச் சொந்தக்காரர். மாடி வீட்டுக்காரர் "நம்ம குடிசைக்கு ஒரு நாள் வாங்க" என்பது போல, இதிலும் கொஞ்சம் சம்பிரதாயம் இருக்கலாம். கடவுள் அந்த வாதத்துக்குள் போகவே இல்லை. நீ அப்படியொன்றும் சிறியவன் இல்லை என்று தட்டிக் கொடுக்கவுமில்லை, உன் தாழ்மையை மெச்சினேன் என்று சொல்லவுமில்லை. "நான் உன்னோடேகூட இருப்பேன்" என்று மட்டும் சொல்கிறார்.

பிறகு படை திரட்டுகிறான். 32,000 பேர் வருகிறார்கள். அதிகம் என்கிறார் கடவுள். பயந்தவர்கள் போகலாம் என்றதும் 22,000 பேர் திரும்பிவிடுகிறார்கள். மீதி 10,000. அதுவும் அதிகம். தண்ணீர் குடிக்க வைத்துச் சோதித்து 300 பேரில் வந்து நிற்கிறது. எதிரே எதிரிகள் 1,35,000 பேர். கையால் அள்ளி நக்கிக் குடித்தவர்கள் விழிப்பான வீரர்கள், அதனால்தான் எடுக்கப்பட்டார்கள் என்று பிரசங்கங்களில் சொல்வார்கள். வேதம் அப்படி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அந்த 300 பேரைக் கமாண்டோப் படையாக ஆக்கினால் கதையின் உயிரே போய்விடும். ஏன் குறைக்கிறார் என்பதற்குக் காரணம் அங்கேயே எழுதியிருக்கிறது: "என் கை என்னை ரட்சித்தது" என்று இஸ்ரவேல் வீம்பு பேசக் கூடாது. பவுல் கொரிந்தியருக்குச் சொன்ன அதே காரணம்.

எக்காளமும், வெறும் பானையும், பானைக்குள் தீவட்டியுமாகப் போய் ஜெயித்தார்கள். ஞாயிறு பள்ளியில் கதை இங்கே முடிந்துவிடும். வேதத்தில் முடியவில்லை. ஜெயித்து வந்தவனை ராஜாவாகச் சொல்லிக் கேட்கிறார்கள். நான் ஆளமாட்டேன், என் மகனும் ஆளமாட்டான், கர்த்தரே உங்களை ஆளுவாராக என்கிறான். அழகான பதில். அடுத்த மூச்சில், கொள்ளையில் கிடைத்த கடுக்கன்களைத் தாருங்கள் என்று கேட்டு வாங்குகிறான். 1,700 சேக்கல் (அன்றைய எடை அளவு) பொன் சேர்கிறது. அதில் ஏபோத் என்ற ஆசாரிய உடையைச் செய்து சொந்த ஊரில் வைக்கிறான், ஜனங்கள் அதைக் கும்பிடத் தொடங்குகிறார்கள். ஒரு மகனுக்கு அபிமெலேக்கு என்று பெயர் வைக்கிறான். அந்தப் பெயருக்கு என்ன அர்த்தம் தெரியுமா? என் தகப்பன் ராஜா.

ராஜா வேண்டாம் என்று வாயால் சொன்னவன் தொட்டிலில் சொல்லிவிட்டான். இதனால்தான், கடவுள் ஒருவரைத் தெரிந்துகொண்டார் என்பதை அவருடைய குணத்துக்குக் கொடுத்த நற்சான்றிதழாக எடுத்துக்கொள்ளக் கூடாது. முதல் ராஜாவான சவுலும் இதே வழியில் போனவர்தான். ராஜாவாக அறிவிக்கத் தேடியபோது தளவாடங்களுக்குள் ஒளிந்திருந்தார், பின்னாளில் தனக்குத் தானே ஜெயஸ்தம்பம் நாட்டிக்கொண்டார். கூச்சம் வேறு, தாழ்மை வேறு. கூச்சம் பதவி வந்ததும் போய்விடும்.

மரியாளும் துவாலையும்

லூக்கா 1ஆம் அதிகாரத்தில் மரியாள் பாடும் பாட்டில் ஒரு வரி உண்டு: "அவர் தம்முடைய அடிமையின் தாழ்மையை நோக்கிப்பார்த்தார்." மேலோட்டமாகப் படித்தால், என் தாழ்மைக் குணத்தைக் கடவுள் கவனித்தார் என்று மரியாள் தன்னையே மெச்சிக்கொள்வது போலத் தோன்றும். கிரேக்கத்தில் அங்கே வருவது குணத்தைவிட நிலையைக் குறிக்கும் சொல். கத்தோலிக்கத் திருச்சபை பயன்படுத்தும் பொது மொழிபெயர்ப்பு அதைத் 'தாழ்நிலை' என்று எழுதுகிறது. நாசரேத் என்ற கவனிப்பாரில்லாத ஊரில், ரோமர் ஆட்சியில், ஒரு சாதாரணப் பெண். அந்த இடத்தில்தான் பார்வை விழுந்தது என்கிறாள். பாட்டு அங்கேயே நிற்கவில்லை. பலவான்களை ஆசனங்களிலிருந்து தள்ளினார், பசியுள்ளவர்களை நிரப்பினார், ஐசுவரியவான்களை வெறுமையாய் அனுப்பினார் என்று போகிறது. தாழ்மை என்றால் குரலைத் தாழ்த்துவது என்று நினைப்பவர்கள் இந்தப் பாட்டை மறுபடி ஒருமுறை படிக்கலாம்.

இயேசு சீஷர்களின் கால் கழுவிய நிகழ்ச்சி யோவான் 13இல் இருக்கிறது. பெரிய வியாழனன்று பல தேவாலயங்களில் இன்றும் இதைச் சடங்காகச் செய்கிறார்கள். 2013இல் போப் பிரான்சிஸ் ரோமில் உள்ள இளஞ்சிறார் சிறைக்குப் போய் 12 பேரின் பாதங்களைக் கழுவினார். அவர்களில் பெண்களும் முஸ்லிம்களும் இருந்தார்கள். யோவான் அந்தக் காட்சியைத் தொடங்கும் விதம் விசேஷமானது. பிதா எல்லாவற்றையும் தம் கையில் ஒப்புக்கொடுத்தார் என்றும், தாம் தேவனிடத்திலிருந்து வந்தார் என்றும் இயேசு அறிந்து, பிறகு எழுந்து துவாலையைக் கட்டிக்கொண்டார் என்று எழுதுகிறார். தான் யார் என்று சந்தேகமே இல்லாத ஒருவர் குனிகிறார். தாழ்வு மனப்பான்மைக்கும் இதற்கும் இருக்கிற தூரம் இதுதான்.

பேதுரு காலைக் காட்ட மறுக்கிறார். பார்க்கப் பணிவுதான். ஆனால் இயேசு அதை ஏற்றுக்கொள்ளவில்லை. நான் உன்னைக் கழுவாவிட்டால் என்னிடத்தில் உனக்குப் பங்கில்லை என்கிறார். கொடுக்கிற கை எப்போதும் நம்முடையதாக இருக்க வேண்டும் என்பதிலும் ஒரு பெருமை ஒளிந்திருக்கிறது. வாங்கிக்கொள்ளக் கூசுகிறவர்களை நம் குடும்பங்களிலேயே பார்த்திருப்போம். ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும்போதுகூட, வந்தவர் ஆரஞ்சுப் பழம் வாங்கி வந்ததற்குச் சங்கடப்படுகிற பெரியப்பா ஒருவர் எல்லா வீட்டிலும் இருப்பார்.

யாரிடம் சொல்கிறோம்

முன்பு சொல்லி வைத்த சிக்கல் இது. தாழ்மையாக இரு என்ற உபதேசம் பெரும்பாலும் மேலே இருப்பவர் வாயிலிருந்து கீழே இருப்பவர் காதுக்குப் போகிறது. வீட்டில் மருமகளுக்கு, தோட்டத்தில் கூலியாளுக்கு, சபையில் சேரிக்காரருக்கு. தமிழ்க் கிறிஸ்தவம் இதில் கை கழுவிவிட முடியாது. வடக்கன்குளம் தேவாலயத்தில் சாதிவாரியாக மக்களைப் பிரித்து உட்கார வைக்க ஒரு சுவரே இருந்தது. பீடம் ஒன்று, அதை நோக்கி வரும் கூடங்கள் இரண்டு. 1910இல்தான் அந்தச் சுவர் இடிக்கப்பட்டது. தனித்தனிக் கல்லறைத் தோட்டங்கள் பல ஊர்களில் அதற்குப் பிறகும் நீடித்தன.

பவுல் இந்த இடத்தில் யாரைக் கடிந்துகொண்டார் என்று பாருங்கள். கொரிந்துச் சபை கூடியது வசதியானவர்களின் வீடுகளில். அத்தகைய வீட்டுச் சாப்பாட்டு அறையில் ஒன்பது பேர் அளவில்தான் சாய்ந்து சாப்பிட முடியும். மற்றவர்கள் முற்றத்தில் இருந்திருப்பார்கள் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். வேலை முடிந்து இருட்டிய பிறகு அடிமைகளும் கூலிக்காரர்களும் வந்து சேர்வதற்குள் உள்ளே பந்தி முடிந்துவிடும். "ஒருவன் பசியாயிருக்கிறான், ஒருவன் வெறியாயிருக்கிறான்" என்கிறார் பவுல். வெறி என்பது இங்கே குடிவெறி. முதல் பந்தியில் யார், கடைசிப் பந்தியில் யார் என்பது நமக்கு விளக்கிச் சொல்ல வேண்டிய விஷயமில்லை. வெளியே நின்றவர்களைப் பார்த்து, சகித்துக்கொள்ளுங்கள், தாழ்மையாயிருங்கள் என்று அவர் எழுதவில்லை. உள்ளே சாப்பிட்டவர்களைப் பார்த்துத்தான் "இல்லாதவர்களை வெட்கப்படுத்துகிறீர்களா?" என்று கேட்டார். இல்லாதவைகளைத் தேவன் தெரிந்துகொண்டார் என்று எழுதிய அதே நிருபத்தில்.

சில காலம் கழித்துக் கொரிந்துவில் இருந்தபடியே பவுல் ரோமச் சபைக்கு ஒரு நிருபம் எழுதினார். அவர் சொல்லச் சொல்ல எழுதியவர் பெயர் தெர்தியு. மூன்றாமவன் என்று பொருள். இது அடிமைகளிடையே சகஜமாக வழங்கிய பெயர் வகை. கடைசி அதிகாரத்தில் கூட இருந்தவர்கள் வாழ்த்துச் சொல்லும்போது, பட்டணத்து உக்கிராணக்காரனாகிய ஏரஸ்து வாழ்த்துகிறார் என்று ஒரு பெயர் வருகிறது. நகரத்தின் கஜானாவைப் பார்த்த பெரிய ஆள். 1929இல் கிடைத்த கல்லில் இருக்கும் எராஸ்தஸ் இவர்தானா என்பதில் அறிஞர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. அவருடைய பெயரோடு ஒட்டி, அதே வசனத்தில், இன்னொரு பெயர். குவர்த்து. நான்காமவன். அவருக்குச் சொல்ல உத்தியோகம் இல்லை, ஊர் இல்லை, கல்வெட்டு இல்லை. பெயருக்கு முன்னால் பவுல் ஒரே ஒரு சொல்லைத்தான் சேர்க்கச் சொல்லியிருக்கிறார்: சகோதரன்.